பீமாவுக்கு அளந்து வைத்த சோறு

பாகலூரிலிருந்து பேரிகை போகிற சாலையை ஒட்டி இருக்கிறது அந்த வீடு. ஒன்றரை ஏக்கரில் ரோஜா, மேட்டு நிலத்தில் மழையை நம்பி ராகி, கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள். அப்பாவுக்கு ரோஜாத் தோட்டம், அம்மாவுக்கு மாடு, மகனுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அடுப்படி மட்டும் இன்னும் அவ்வாவின் கையில்.

பக்கத்து நிலத்தைச் சில வருடங்களுக்கு முன் பெங்களூருக்காரர் ஒருவர் வாங்கிப் பண்ணை வீடு கட்டினார். சனி, ஞாயிறு மட்டும் வருவார். அவருடைய கிரேட் டேன் நாய் போன வருடம் குட்டி போட்டது. தண்ணீர்த் தொட்டி, மோட்டார் எல்லாம் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதால் ஒரு ஆண் குட்டியை இவர்களுக்குக் கொடுத்தார். ஐப்பசி மாதம், ராகி கதிர் பிடித்திருந்த நேரம். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கும். மோட்டார் ஒயரையும் சொட்டுநீர்க் குழாயையும் அறுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நல்ல காவல் நாய் ஒன்று வேண்டும் என்று அப்பாவே சொல்லிக்கொண்டிருந்தார்.

காவலுக்கு ஒரு கோம்பையோ ராஜபாளையமோ போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வாசலில் தானாக வந்து நிற்கிற குட்டியிடம் யாரும் நியாயம் பேசுவதில்லை. இரண்டு மாதக் குட்டி, ஒன்பது கிலோ. ஒவ்வொரு பாதமும் இட்லி அகலம். மகன் அதற்கு பீமா என்று பெயர் வைத்தான்.

பெயருக்கு ஏற்றபடி தின்றது. காலையில் அவ்வா ராகிக் களியைக் கறிச்சாற்றில் கரைத்து ஊட்டினாள். அம்மா கறந்த பாலில் அரை லிட்டர் அதற்கென்று ஒதுக்கினாள். மகன் சம்பளம் வாங்கியதும் ஒரு மூட்டை நாய்த் தீவனம் வாங்கிவந்தான். அது தீர்ந்ததும் விலை கட்டுப்படியாகவில்லை என்று கடையில் கிலோ கணக்கில் பிரித்து விற்கிற தீவனத்துக்கு மாறினான். அப்பா தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடையில் கால், தலை வாங்கிவருவார். தினம் இரண்டு அவித்த முட்டை வேறு. "பெரிய ஜாதி நாய், எலும்புக்குச் சத்து வேணும்" என்று யாரோ சொல்ல, கால்சியம் டானிக் பாட்டில் ஒன்றும், அது போதாமல் மாத்திரையும் வந்தன. முட்டை ஓட்டை அவ்வா வீணாக்குவதில்லை. காயவைத்துப் பொடித்து ஒரு கரண்டி களியில் கலந்துவிடுவாள்.

நாலு பேரும் நாலு திசையிலிருந்து ஊட்டினார்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

மார்கழியில் ராகி அறுவடை முடிந்து களத்துக்கு வந்தபோது பீமாவுக்கு நாலு மாதம், எடை 27 கிலோ. தக்காளி எடை போடுகிற தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார்கள். மகன் பைக்கை மெதுவாக ஓட்ட, அது பின்னாலேயே ஊர்க்கோடி வரை ஓடும்.

பொங்கல் சமயத்தில்தான் அம்மா முதலில் கவனித்தாள். முன்னங்கால் மணிக்கட்டு இரண்டும் முடிச்சு போட்டதுபோல் பருத்திருந்தன. பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. நின்றால் கால் நேராக இல்லாமல் வில்லாக வளைந்து தெரிந்தது. பைக் சத்தம் கேட்டால் துள்ளி எழுகிற குட்டி, இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. திண்ணைப் படி இரண்டையும் ஏற யோசித்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "கால்சியம் பத்தலை." டானிக் இரட்டிப்பானது.

இந்த இடத்தில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. மாடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் கால்சியம் என்றால் மரியாதை. கன்று போட்ட மாடு எழுந்திருக்க முடியாமல் கழுத்தை மடக்கிப் படுத்துவிடும். டாக்டர் வந்து கால்சியம் ஏற்றினால் சற்று நேரத்தில் எழுந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள், கால் வளைந்த குட்டிக்கு வேறு எதை நினைப்பார்கள்?

இரட்டிப்பு டானிக் கொடுத்த பத்து நாளில் நொண்டல் கூடியது. மகன் ஒரு நாள் லீவு போட்டு, சரக்கு ஆட்டோ பிடித்து, பீமாவை ஓசூருக்குக் கொண்டுபோனான். அவ்வாவும் கூடப் போனாள். குட்டி அவள் மடியில் தலை வைத்தால்தான் வண்டியில் அடங்கும்.

டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மருந்து எழுதுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை மகனிடம் நீட்டினார். "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இது வாயில போனது அத்தனையும் எழுதுங்க. யார் குடுத்தாங்கன்னும் எழுதுங்க."

தாள் இரண்டு பக்கமும் நிறைந்தது. எழுத எழுத மகனுக்கே முகம் மாறியது. அவ்வா நடுவில் நடுவில் ஞாபகப்படுத்தினாள்: "மத்தியானம் உங்கப்பன் போட்ட ரெண்டு பிஸ்கோத்தை விட்டுட்டியே."

டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டுச் சொன்னதுதான் அவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இதுக்குக் கால்சியம் பத்தாம வரலை. அதிகமாகி வந்திருக்கு. சாப்பாடும் அதிகம்."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நாயின் முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. குட்டிப் பருவத்தில் அவற்றின் நுனியில் குருத்தெலும்பு இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறுவதால்தான் கால் நீளமாகிறது. பீமாவுக்கு ஒரு எலும்பின் நுனியில் இந்த மாற்றம் தடைபட்டு, குருத்தெலும்பு அப்படியே கூம்புபோல் நின்றுவிட்டது. அந்த எலும்பு பின்தங்க, பக்கத்து எலும்பு நீள, நாண் இழுத்த வில் மாதிரி கால் வளைகிறது. அதன்மேல் தேவைக்கு மீறிய உடல் எடை வேறு.

பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இது ஏன் வருகிறது என்பது ரொம்ப காலமாக ஆராயப்பட்ட விஷயம். கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். ஒரே வருடத்தில் ஐம்பது கிலோவைத் தொடும். முப்பது கிலோவில் பிறக்கிற கலப்பினக் கன்று முந்நூறு கிலோ ஆக இரண்டு வருடம்போல் எடுத்துக்கொள்கிறது, அதுவே பத்து மடங்குதான். இங்கே ஒரு வருடத்தில் எழுபது எண்பது மடங்கு. இந்த வேகத்தில் ஒரு சின்னத் தவறும் எலும்பில் பெரிதாக எழுதப்பட்டுவிடும்.

அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கிரேட் டேன் குட்டிகளில் ஒரு பாதிக்கு வேண்டிய மட்டும் தின்னவிட்டார்கள். மற்ற பாதிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுத்தார்கள். எலும்புக் கோளாறு அதிகம் வந்தது வயிறு நிறையத் தின்ற குட்டிகளுக்கு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கால்சியத்தை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். அளவான கால்சியம் தின்ற குட்டிகளைவிட, மூன்று மடங்கு தின்ற கிரேட் டேன் குட்டிகளின் எலும்பு வளர்ச்சி கெட்டது. 1985-இல் அது வெளியானது. காரணமும் தெரிந்தது. வளர்ந்த நாயின் குடல், உடம்புக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெருமளவு தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை. கொடுக்கக் கொடுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அவ்வா விடவில்லை. "மாட்டுக்கு மட்டும் குடுக்கறோமேம்மா?"

டாக்டரம்மா சிரித்தார். "கன்னு போடறதுக்கு முன்னாடி, பால் வத்தியிருக்கற மாசத்துல மாட்டுக்குக் கால்சியம் நிறைய குடுப்பீங்களா அவ்வா?"

அம்மாவுக்கு அது தெரியும். கூட்டுறவுச் சங்கத்துக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். சினை கடைசியில் கால்சியம் அதிகம் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கம் உடம்புக்கு மந்தப்பட்டுப்போகும். பிறகு கன்று போட்டதும் பால்காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். கறக்கிற மாட்டிலிருந்து பாலோடு கால்சியம் வெளியே போகிறது, அதனால் திருப்பிக் கொடுக்கிறோம். குட்டிக்கு எங்கே போகிறது? வீட்டுக்கு வந்து அவ்வா இதைச் சொன்னபோது அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.

டாக்டரம்மா இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். இதைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால்சியம் ஆகாது என்று வெறும் கோழிக்கறியும் சோறும் போடுவார்கள். நூறு கிராம் எலும்பில்லாத கறியில் கால்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான், பாஸ்பரஸ் அதைப்போல் பல மடங்கு. அப்படி வளர்கிற குட்டி, ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு காகிதம்போல் மெலிந்து, குதித்தால் முறியும். அதனால் கூட்டினாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு. ராகியில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, அரிசியில் பத்துக்குப் பக்கம்தான். அதற்காக ராகிக் களி மட்டும் குட்டிக்கு உணவாகாது. அதில் புரதம் ஏழு சதவீதம் அளவுதான். வளர்கிற குட்டிக்கு அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். புரதம் எலும்பைக் கெடுக்கும் என்று சிலர் முட்டையை நிறுத்திவிடுவார்கள். கிரேட் டேன் குட்டிகளிலேயே சோதித்துப் பார்த்தும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிறகு தீவனப் பேச்சு வந்தது. வளரும் பருவத்தில் முழுக்க வீட்டுச் சாப்பாட்டிலேயே கால்சியம், பாஸ்பரஸ் கணக்கைச் சரியாகக் கொண்டுவருவது, இதற்கென்றே படித்தவர் எழுதிக் கொடுத்தாலொழிய, கஷ்டம். எனவே முதல் ஒன்றேகால், ஒன்றரை வருடத்துக்குத் தீவன மூட்டைதான் அடிப்படை என்றார். ஆனால் பிரித்து விற்கிற தீவனம் வேண்டாம். அது எந்த நாய்க்குத் தயாரித்தது, எப்போது தயாரித்தது, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க லேபிளே இருக்காது. மூட்டையின் மேல் 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று இருக்கவேண்டும். பின்பக்கம் கால்சியம் எத்தனை சதவீதம் என்று பார்க்கவேண்டும். உலகம் முழுக்க தீவனக் கம்பெனிகள் பின்பற்றுகிற அமெரிக்க அளவின்படி, ஈரம் நீக்கிய கணக்கில் 1.2-க்குக் குறையக்கூடாது, வளர்ந்தால் 32 கிலோவுக்கு மேல் போகிற ஜாதிக் குட்டிகளுக்கு 1.8-ஐத் தாண்டக்கூடாது. சின்ன ஜாதிக் குட்டித் தீவனத்தில் 2.5 வரை அனுமதி உண்டு. அதனால்தான் எல்லாக் குட்டித் தீவனமும் ஒன்று என்று நினைப்பது தவறு. லேபிளில் இந்த அளவு எழுதாத கம்பெனியை விட்டுவிட்டு, எழுதியிருப்பதை வாங்குவது நல்லது.

மூட்டையைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதன்மேல் டானிக், மாத்திரை, முட்டை ஓட்டுப் பொடி எதுவும் கூடாது. ஒரு முட்டை ஓட்டிலேயே சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அதை ஒரு கரண்டிப் பொடிதானே என்று அவ்வா நினைத்திருந்தாள்.

செலவைக் கேட்டபோது மகன் வாய்விட்டே சொன்னான்: "கட்டுப்படியாகுமா மேடம்?" டாக்டரம்மா மழுப்பவில்லை. இந்த ஜாதி நாய் செலவுதான், வாங்கும்போதே யோசித்திருக்கவேண்டும் என்றார். ஆனால் இப்போது நாலு பேர் கொடுப்பதில் கால் பங்கு குறையப்போகிறது, டானிக், மாத்திரை, பிஸ்கட், அரை லிட்டர் பால் எல்லாம் மிச்சம். அதைக் கூட்டிப் பாருங்கள் என்றார். வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பார்த்தபோது வித்தியாசம் பயந்த அளவுக்கு இல்லை. இருந்தாலும் மகன் மாதாமாதம் ஓவர்டைம் பார்க்கவேண்டித்தான் வந்தது.

கஷ்டம் பணத்தில் இல்லை, அவ்வாவிடம் இருந்தது. சின்ன வயதில் ஒரு வேளைக் களிக்குக் காத்திருந்தவள் அவள். வாசலில் நிற்கிற உயிர் தன்னையே பார்க்கும்போது தட்டைக் காலியாக வைக்க அவளுக்குக் கை வராது. முதல் வாரம் முழுக்க யாருடனும் பேசவில்லை. "வளர்ற புள்ளையைப் பட்டினி போடச் சொல்றாளே அந்தப் பொண்ணு" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்டினி இல்லை என்பதை அவளுக்குப் புரியவைத்தது பேச்சு இல்லை, விரல். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த சோதனை அது. விலாவின்மேல் கையைத் தட்டையாக வைத்து லேசாக நகர்த்தினால் எலும்புகள் விரலுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்படவேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. மேலேயிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கவேண்டும். பீமாவின் விலாவில் அவ்வா விரலை வைத்தபோது மெத்தையில் வைத்ததுபோல் இருந்தது. மாட்டின் உடம்பைப் பார்த்தே கறவையைச் சொல்கிற கை அது. பேசாமல் எழுந்துபோனாள். மறுநாள் காலை தீவனத்தை அளந்து வைத்தது அவள்தான்.

டம்ளரால் அளக்கவில்லை. ரோஜா எடை போடுகிற சின்ன எலக்ட்ரானிக் தராசில் கிராமாக நிறுத்தார்கள். நாளைக்கு ஒரே அளவு, மூன்று வேளையாகப் பிரித்து, ஒரே கையால். ஆறு மாதம் ஆனதும் இரண்டு வேளை. மூட்டையில் அச்சிட்ட அட்டவணையை ஆரம்பக் கணக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை விலாவைத் தொட்டுப் பார்த்து ஏற்றி இறக்கினார்கள். எடையைக் காலண்டர் தாளின் பின்னால் மகன் எழுதிவந்தான். அவ்வாவின் ஆசைக்கு ஒரு வழி விட்டார் டாக்டரம்மா: நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் வீட்டுப் பண்டம். எலுமிச்சை அளவு களி உருண்டை, அவித்த பீன்ஸ், ஒரு துண்டு கேரட், ஒரு கரண்டி தயிர். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, வெந்த கோழி எலும்பு இவை எந்த அளவிலும் கூடாது. வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பைக் பின்னால் ஓடவிடுவதை நிறுத்தினார்கள். மண் தரையில் தன் இஷ்டத்துக்கு விளையாடி, களைத்தால் படுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள்.

குறைத்துக் கொடுத்தால் நாய் குள்ளமாகிவிடுமோ என்ற பயம் அப்பாவுக்கு. உயரம் தாய் தகப்பனிடமிருந்து வருவது, மெதுவாக வளர்ந்தாலும் அதே உயரத்துக்குத்தான் போய்ச்சேரும். லாப்ரடார் நாய்களில் 48 குட்டிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து இன்னொன்றுக்குக் கொடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. குறைத்துத் தின்றவை நடுத்தரக் கணக்கில் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருடம். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் என்று பெரிதாக வளர்கிற எந்தக் குட்டிக்கும் இது பொருந்தும்.

கிரேட் டேன்போல் நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. வயிறு காற்றடைத்து உப்பி முறுக்கிக்கொள்ளும். ஒரே வேளையில் மொத்தமாகப் போடாமல் பிரித்துக் கொடுப்பது அதற்கும் நல்லது. தின்றவுடன் ஓடவிடக்கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் ஒன்றும் வராமல், நிலைகொள்ளாமல் சுற்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே வண்டி பிடிக்கவேண்டும்.

மாசிக் கடைசியில் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. பங்குனியில் திண்ணை ஏறியது. இரண்டாவது எக்ஸ்ரேயில் இடது கால் ஏறக்குறைய நேராகியிருந்தது. வலது கால் முழுக்க வரவில்லை. பாதம் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கிறது, மழைநாளில் எழும்போது முதல் நாலு அடி தாங்கித் தாங்கி வைக்கிறது. இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் அறுவை சிகிச்சை வரை போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை மகன் அடிக்கடி நினைத்துக்கொள்கிறான்.

இப்போது பீமாவுக்குப் பதினோரு மாதம், 50 கிலோ. இந்த ஆடியில் ராகி விதைத்தாயிற்று. பண்ணை வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன இப்படி இளைச்சிருக்கு, நல்லா போடறீங்களா?" என்று கேட்டார். அவ்வா அவர் கையைப் பிடித்து பீமாவின் விலாமேல் வைத்தாளாம்.

போன வாரம் கீழ்வீட்டில் ஒரு ராஜபாளையம் குட்டி வந்திருக்கிறது. அந்த வீட்டுப் பையன் வந்து, "அவ்வா, உங்க வீட்ல பாதி டானிக் மிச்சம் இருக்குன்னு சொன்னாங்க" என்று நின்றான். அவ்வா அலமாரியைத் திறக்கவில்லை. தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னாள்.

"நேத்து அது என்னென்ன தின்னுச்சு, எழுது."